சுடுதண்ணியில போட்ட பல்செட்டு

அறுபத்து ரெண்டு வயசுலயும் முழுக்கரும்ப பல்லாலயே உரிச்சுத் திங்கிற ஆளு இந்தக் கம்பத்துல நான் ஒருத்தன்தான்.

பொய். கரும்ப விடுங்க, கரும்புச்சாறு குடிக்கயில உள்ள கெடந்த ஐஸ் கட்டியக் கடிக்க முடியாம துப்புன ஆளு நான். என் வாயில எனக்குன்னு சொந்தமா ஒரு பல்லு கெடையாது. மேல ஒரு வரிச, கீழ ஒரு வரிச, ரெண்டும் தேனியில ஒரு டாக்டரம்மா செஞ்சு குடுத்தது. இப்ப அதுவும் வாயில இல்ல. ஒரு டப்பாவுல பச்சத்தண்ணியில கெடக்கு. நான் எதுத்தாப்புல ஒக்காந்து அதப் பாத்துக்கிட்டு இருக்கேன். அது என்னையப் பாத்துச் சிரிக்குது. எனக்குத்தான் சிரிப்பு வரல.

இன்னைக்கி ஞாயித்துக்கெழம. பெரியகுளத்துல இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரக வர்றாக. வந்து எங்க வீட்ல சோத்துல கை வச்சாகன்னா என் மக கல்யாணம் நடக்கும். தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சுட்டாகன்னா நடக்காது. நடக்காமப் போனா அதுக்குச் சாதகம் காரணம் இல்ல, நகை நட்டு காரணம் இல்ல. நானும் என் பல்லும்தான் காரணம்.

பதினொண்ணுக்கு மேல வர்றதாச் சொன்னாக. மணி இப்ப ஒம்போதே முக்கா. சமையக்கட்டுப் பக்கம் போனா எங்க வீட்டுக்காரி வெரட்டுறா. வாசப்பக்கம் போனா மச்சினன் வெரட்டுறான், சும்மா சும்மா ரோட்ட எட்டிப் பாக்காதீக மச்சான், பாக்குறவுக என்ன நெனைப்பாகன்னு. அதான் மக காலேசுல எழுதி மிச்சம் வச்ச நோட்டு ஒண்ண எடுத்துக்கிட்டு, பின்னாடி நிக்கிற என் ஜீப்புல வந்து ஒக்காந்துட்டேன். நாலாவதோட நின்ன கையெழுத்து. அதப் பாக்காதீக, விசயத்தப் பாருங்க.

நமக்குத் தொழிலு இந்த ஜீப்புதான். விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு கம்பம் மெட்டு ஏறணும். சாயங்காலம் எறக்கிக் கொண்டாந்து விடணும். முப்பது வருசமா இதே ரோடு, இதே வளைவு. இந்த முப்பது வருசத்துல வண்டிக்கு ரெண்டு தடவ இன்ஜின் வேல பாத்துட்டேன், வாய்க்கு ஒரு தடவயும் பாக்கல. பல்லு போனதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. சோடா மூடிய பல்லாலதான் தொறப்பேன். வயரு மேல்தோல பல்லாலதான் உரிப்பேன். பின்னாடி பதினாலு பொம்பளையாளுக பாத்துக்கிட்டு இருந்தாகன்னா நட்டக் கூட பல்லால கழட்டலாமான்னு தோணும். பொகையில வேற. ஒண்ணொண்ணாக் கழண்டு போயி, கடைசியில மேல நாலு, கீழ அஞ்சு நின்னுச்சு. அதுவும் ஆடிக்காத்துல தட்டி மாதிரி ஆடிக்கிட்டு. கறி எடுத்தா துண்டு மத்தவுகளுக்கு, சாறு எனக்குன்னு ஆகிப்போச்சு.

அதுக்கெல்லாம் நான் கவலப்படல. மகளுக்கு எடம் பாக்க ஆரம்பிச்சப்பறம்தான் கவல வந்துச்சு. அவளுக்கு இருவத்தெட்டு. தேனியில ஒரு லேப்புல ரத்தம் எடுத்து டெஸ்ட் பாக்குற வேல. ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சு. ஏன்னு யாரும் சொல்லல. நான் நெனச்சுக்கிட்டேன், பொண்ணோட அப்பன் பொக்க வாயோட வாங்க வாங்கன்னு நின்னா, வாசலே இப்படி இருக்கு, வீடு எப்படியோன்னு தோணாதா. எங்க வீட்டுக்காரி சொன்னா, அப்படியெல்லாம் யாரும் நெனைக்க மாட்டாக, நீங்க பேசுற பேச்சுதான் காரணம்னு. எனக்குப் பல்லு கட்டுறது லேசுன்னு பட்டுச்சு. பேச்ச நிறுத்துறது கஷ்டம்.

தேனி டாக்டரம்மாவுக்கு என் மக வயசுதான் இருக்கும். மிச்சம் நின்ன ஒம்போதையும் மூணு தவணையில புடுங்குனாக. ஈறு ஆறணும்னு ரெண்டு மாசத்துக்கு மேல காக்கப் போட்டாக. அந்த ரெண்டு மாசமும் நான் ஜீப்புல அதிகம் வாயத் தொறக்கல, பொம்பளையாளுக நிம்மதியாத் தூங்கிக்கிட்டு வந்தாக. அப்பறம் லாடம் மாதிரி ஒரு தட்டுல பசையப் பெசஞ்சு வாய்க்குள்ள திணிச்சு அச்சு எடுத்தாக. தொண்ட வரைக்கும் எறங்குற மாதிரி இருந்துச்சு. மூக்கால மூச்சு விடுங்கன்னாக. நான் கண்ணால கூட விட்டேன். இன்னொரு நாள் மெழுகுல பல்ல நட்டு வச்சு மாட்டிப் பாத்தாக. கடிக்கச் சொன்னாக, சிரிக்கச் சொன்னாக, ஒண்ணுல இருந்து எண்ணச் சொன்னாக. பயத்துல எனக்கு முப்பதுக்கு மேல எண்ண வரல.

செட்டக் கையில குடுக்குற அன்னைக்கி ஒக்கார வச்சு பாடம் நடத்துனாக. மொத வாரம் கஞ்சி, இட்லி, பழம். ரெண்டு பக்கமும் சேத்து மெல்லணும், முன்பல்லால எதையும் கடிச்சு இழுக்கக் கூடாது. சாப்புட்டா கழட்டிக் கழுவணும். கழுவயில கீழ ஒரு சட்டியில தண்ணி வச்சுக்கணும், கை நழுவுனாலும் ஒடையாது. பல்பொடி கூடாது, பேஸ்ட்டு கூடாது, சும்மா சோப்பும் மெதுவான பிரசும் போதும். படுக்கயில கழட்டி பச்சத்தண்ணியில போட்டு வைக்கணும், காய விடக் கூடாது. எங்கயாச்சும் புண்ணாச்சுன்னா வாங்க, ராவி விடுறேன், நீங்களா அரத்த எடுத்து ராவிராதீகன்னு சொன்னாக. நான் ஜீப்புக்காரன்னு தெரிஞ்சுதான் சொல்லிருக்காக. இன்னும் ஒண்ணு சொன்னாக. அந்த நேரம் நான் கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன், காதுல விழுகல. சீட்டுலயும் எழுதித்தான் குடுத்தாக, பூராம் இங்கிலீசு. அந்தச் சீட்டுலயே பல்லச் சுத்தி சட்டப் பையில வச்சுக்கிட்டு வந்தேன்.

பழக ஒரு மாசம் ஆச்சு. வளைவுல வண்டியத் திருப்புனா வாய்க்குள்ள லொட்டுன்னு சத்தம் கேக்கும். பின்னாடி ஒக்காந்திருக்கிற ஒரு பொம்பளையாளு கேட்டுச்சு, ஏண்ணே வண்டியில ஏதோ லூசா இருக்கு போல, பாக்கலையான்னு. பாக்குறேன்னு சொன்னேன்.

இந்த நேரத்துலதான் பெரியகுளத்து எடம் வந்துச்சு. மாப்பிள்ளைக்கு மருந்துக்கட. அவுகப்பாவுக்கு மாந்தோப்பு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி மாப்பிள்ளையோட அப்பா என் பக்கத்துல ஒக்காந்தாரு. அதிகம் பேசாத மனுசன். பேசாத ஆளு பக்கத்துல ஒக்காந்தா அவருக்கும் சேத்து நான் பேசுவேன். பேச்சுவாக்குல அவரு சொன்னாரு, இந்த வயசுலயும் ஒங்களுக்குப் பல்லு வரிச வரிசயா இருக்கே அண்ணே, எனக்குக் கடவாப்பல்லு ரெண்டும் போயிருச்சுன்னு. நான் ஆமா, கட்டுனதுதான்னு சொல்லிருந்தா கத அங்கனயே முடிஞ்சிருக்கும். நான் சொன்னேன், பூராம் சொந்தப் பல்லு, இன்னைக்கும் கரும்ப இதாலதான் உரிப்பேன்னு. அவரு சந்தோசமாச் சிரிச்சாரு. அதப் பாத்ததும் எனக்கு இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லத் தோணுச்சு. சொல்லிட்டேன். அத அப்பறம் சொல்றேன்.

பொண்ணப் புடிச்சுப்போச்சு. என் மகளுக்கும் புடிச்சிருந்துச்சு. அவ வாயத் தொறந்து சொல்லல, ஆனா அன்னைக்கிக் காப்பித் தம்ளர் கழுவையில பாட்டு முணுமுணுத்தா. ரெண்டு எடம் தட்டிப்போனப்ப அவ பாத்திரம் கழுவுன சத்தம் வேற.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கி காப்பி பலகாரத்தோட சரி. புடிச்சிருந்தா, பொண்ணு வீட்டுக்காரக மாப்பிள்ள வீட்டுக்குப் போயி கை நனைக்கணும். அதாவது அங்கன இலையில ஒக்காந்து சாப்புடணும். சாப்புட்டா சம்மதம். வேணாம்னா, அவசரம் கெளம்புறோம்னு சொல்லி சாப்புடாம வந்துரலாம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமப் புரிஞ்சுக்கிருவாக. ஆனா இலையில ஒக்காந்துட்டு எந்திரிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு. அது வேணாம்னு சொல்றது இல்ல. காறித் துப்புறது.

நாங்க எட்டுப் பேரு கெளம்புறதா ஏற்பாடு. அன்னைக்கிக் காலையில பல்ல எடுத்து மோந்து பாத்தேன். முந்துன நாளு மீன் கொழம்பு. ஒழுங்காக் கழுவல போல, வாடை அடிச்சுச்சு. இந்த வாயோட போயி சம்மந்தகாரரு பக்கத்துல ஒக்காந்து எப்படிப் பேசுறது. எனக்கு ஒரு ரோசன. என் மக லேப்புல எதையுமே கொதிக்க வச்சுத்தான் சுத்தம் பண்ணுவாகன்னு சொல்லிருக்கா. அடுப்புல குளிக்கத் தண்ணி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு சொம்புல மோந்து, செட்டு ரெண்டையும் உள்ள போட்டு, மேல ஒரு தட்டப் போட்டு மூடிட்டு, சவரம் பண்ணப் போயிட்டேன். வந்து எடுத்துப் பாத்தா பளபளன்னு இருந்துச்சு. வாடையே இல்ல. நமக்கு என்னா மூளடான்னு நெனச்சுக்கிட்டே மாட்டுனேன். கீழ்ச்செட்டு ஒக்காந்துச்சு. மேல்செட்டு ஒக்காரல. அழுத்துனா நிக்கிது, கைய எடுத்தா எறங்குது.

டாக்டரம்மா சொல்லி நான் காதுல வாங்காத அந்த ஒண்ணு இதுதான். சுடுதண்ணி படக் கூடாது, பட்டா வளைஞ்சு போகும்.

எங்க வீட்டுக்காரிகிட்ட காட்டுனேன். அவ தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டா. ஜீப்புல டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டுற பசை இருக்கு, லேசாத் தடவிக்கிறவான்னு கேட்டேன். அவ பாத்த பார்வையில பசைய இருந்த எடத்துலயே வச்சுட்டேன். பேசாம பல்லு இல்லாமப் போயிருவோம், உண்மையச் சொல்லிருவோம்னு அவ சொன்னா. எனக்குத்தான் மனசு கேக்கல. கரும்ப உரிப்பேன்னு சொன்ன மனுசன் பத்தே நாள்ல பொக்க வாயோட எப்படிப் போயி நிக்கிறது. நாக்கால மேல அழுத்திப் புடிச்சுக்கிருவேன், நீ கவலப்படாதன்னு சொல்லிட்டேன்.

கம்பத்துல இருந்து பெரியகுளம் வரைக்கும் நாக்க மேல முட்டுக் குடுத்துக்கிட்டே போனேன். உத்தமபாளையம், சின்னமனூரு, வீரபாண்டி, தேனின்னு ஊரு ஊராப் போகுது, நான் ஒரு வார்த்த பேசல. வேன்ல வந்த சொந்தக்காரக, மகளப் பிரியப்போற வருத்தம்னு நெனச்சு எனக்கு ஆறுதல் சொன்னாக. ஒருத்தரு கண்ணத் தொடச்சாரு. எனக்கு நாக்கு மரத்துப்போச்சு.

அங்கன போயும் அதேதான். வாங்கன்னாக, கும்புட்டேன். தோப்பக் காட்டுனாக, தலைய ஆட்டுனேன். மொத நாளு அம்புட்டுப் பேசுன ஆளு இன்னைக்கி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காருன்னு அவுக ஒருத்தரையொருத்தரு பாத்துக்கிட்டத நானே பாத்தேன். வீடு புடிக்கலையோ, தோப்பு புடிக்கலையோன்னு நெனச்சிருப்பாக. என் மச்சினன் வேற காதுல வந்து, கொஞ்சம் சிரிங்க மச்சான்னு சொன்னான். சிரிச்சா விழுந்துரும்டான்னு சொல்லணும்னா அதுக்கும் வாயத் தொறக்கணும்.

இலை போட்டாக. எட்டு இலை வரிசையா. பொண்ணோட அப்பன் கை வைக்கிற வரைக்கும் மத்த யாரும் கை வைக்க மாட்டாக, அது மொற. மாப்பிள்ளையோட அப்பா அவரு கையாலயே எனக்குப் பருப்பு வடை வச்சாரு. ஒங்க பல்லுக்குன்னே கொஞ்சம் மொறுமொறுப்பாப் போடச் சொன்னேன் அண்ணே, கை நனைங்கன்னாரு.

சாம்பார்ல ஊறப் போட்டிருக்கலாம். அவரு முன்னாடியே நின்னுக்கிட்டு பாக்குறாரு. எல்லாரும் பாக்குறாக. ஒரு விள்ளல் விண்டு வாயில போட்டேன். ஒரு கடிதான். மேல்செட்டு வடையோட சேந்து ஒட்டிக்கிட்டு கீழ எறங்கிருச்சு. முழுங்க முடியல, துப்ப முடியல, மூச்சும் அடைக்கிது. வாயத் தொறந்தா பல்லு இலையில விழுகும், எட்டு இலைக்கும் நடுவுல. துண்ட எடுத்து வாயப் பொத்திக்கிட்டு எந்திரிச்சேன்.

பொண்ணோட அப்பன் எந்திரிச்சா மத்தவுக என்ன செய்வாக. எனக்குப் பின்னாடியே ஏழு பேரும் எந்திரிச்சுட்டாக. ஏன் எந்திரிக்கிறோம்னு அவுகளுக்கே தெரியாது. போட்ட சோறு போட்டபடி இருக்கு. நான் கொல்லப்பக்கம் குழாயடிக்கு ஓடையில, பின்னாடி ஒரு பொம்பளையாளு கொரலு கேட்டுச்சு. மாப்பிள்ளையோட அத்தைன்னு அப்பறம் தெரிஞ்சுச்சு.

"வாயப் பொத்திக்கிட்டுல்ல எந்திரிச்சு ஓடுறாக. அம்புட்டு நாறுதா நம்ம வீட்டுச் சோறு?"

குழாயடியில பல்லக் கையில எடுத்துக் கழுவிக்கிட்டு நின்னேன். திரும்பிப் போயி இதான் விசயம்னு கையில இருக்குறதக் காட்டிருந்தா சரியாப் போயிருக்கும். நான் பல்லப் பையில போட்டுக்கிட்டு, வாய மூடிக்கிட்டு, கைய எடுத்துக் கும்புட்டுட்டு நேரா வேன்ல போயி ஏறுனேன். எங்க வீட்டுக்காரி பதறிப்போயி அவருக்கு வயித்துக்குச் சரியில்லன்னு சொல்லிருக்கா. அப்ப மத்த ஏழு பேருக்கும் வயித்துக்குச் சரியில்லையான்னு அந்த அத்தை கேட்டிருக்காக.

வீட்டுக்கு வந்த மறுநாளே தகவல் வந்துருச்சு, என் மச்சினன் மூலமா. எங்க வீடு அவுகளுக்குப் பத்தலேன்னா மொதல்லயே சொல்லிருக்கலாம், இலையில ஒக்கார வச்சு அவமானப்படுத்த வேண்டியதில்லன்னு சொல்லி விட்டிருக்காக. அவன் வந்து சொல்லும்போது என் மக கதவுகிட்ட நின்னா. நான் விசயத்தத் தமாசாக்கிரலாம்னு, பெரியகுளத்து வடையில சிமிண்ட்டு கலக்குறாக போலன்னு சொன்னேன். மச்சினன் சிரிக்கல. எங்க வீட்டுக்காரி சிரிக்கல. மக கிட்ட வந்து என் முன்னாடி ஒக்காந்தா.

"எனக்கு இந்த எடம் வேணும்ப்பா. அவுகளுக்கு என்ன தெரியணுமோ அத நீங்க போயிச் சொல்லுங்க. அம்மா போகக் கூடாது, மாமா போகக் கூடாது. நீங்க போகணும்."

அம்புட்டுத்தான் சொன்னா. வேலைக்கு நேரமாச்சுன்னு கெளம்பிப் போயிட்டா.

நான் மொதல்ல டாக்டரம்மாகிட்ட போனேன், புதுப் பல்லோட போனா கொஞ்சம் தெம்பா இருக்குமேன்னு. அவுக செட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. சுடுதண்ணியான்னு கேட்டாக. லேசா வெதுவெதுப்பான்னு சொன்னேன். அவுக என்னைய நிமிந்து பாத்தாக. கொதிக்கிற தண்ணின்னு ஒத்துக்கிட்டேன். இது இனிமே ஆகாது, புதுசா அச்சு எடுக்கணும், மூணு வாரம் ஆகும்னாக. மூணு வாரத்துல அவுக மாப்பிள்ளைக்கு வேற எடமே பாத்துருவாக. சரின்னு அச்சக் குடுத்துட்டு, அங்கன இருந்தே பெரியகுளம் பஸ்சுல ஏறிட்டேன். வாயில ஒரு பல்லு கெடையாது. பையில அந்த வளஞ்சு போன செட்டு.

பஸ்சுல போகும்போது என்ன பேசுறதுன்னு ஒத்திக பாத்துக்கிட்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரரு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு.

மாப்பிள்ளையோட அப்பா வீட்லதான் இருந்தாரு. ஒக்காருங்கன்னு சொன்னாரு, வாங்கன்னு சொல்லல. நான் ஒக்காரல. பையில இருந்து செட்ட எடுத்து அவரு முன்னாடி ஸ்டூலு மேல வச்சேன். வாயத் தொறந்து காட்டுனேன். கொழகொழன்னு வந்த பேச்சுல எல்லாத்தையும் சொன்னேன். சுடுதண்ணி, நாக்கு முட்டு, வடை, துண்டு, பூராத்தையும். அவரு சிரிப்பாருன்னு நெனச்சேன். நானா இருந்தா உருண்டு பொரண்டு சிரிச்சிருப்பேன். அவரு அந்தப் பல்லப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"பல்லு இல்லாதது ஒரு கொறையா அண்ணே? இருக்குன்னு சொன்னீகளே, அதான் எனக்கு ஒறுத்துது. அந்த வாயாலதான ஒங்க பொண்ணப் பத்தியும் சொன்னீக. அதுல எத்தன சொந்தப் பல்லு, எத்தன கட்டுன பல்லு, நான் எப்படிப் பாக்குறது?"

என் பொண்ணப் பத்தி ஒரு மனுசன் சந்தேகமாக் கேட்டுட்டாரு, அதுக்கு வழி பண்ணிக் குடுத்தது நான். ரோசப்பட்டு எந்திரிச்சு வரவும் முடியாது, நின்னுக்கிட்டுல்ல இருக்கேன். அப்ப எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. மொத நாளு சேத்துச் சொன்னேன்னு சொன்னேன்ல, அந்த ரெண்டையும் சொல்லிட்டேன். திராட்சத் தோட்டம் ஒரு ஏக்கரு சொந்தமா இருக்குன்னு சொன்னேன், அது குத்தகை. என் மக சமையல்ல கெட்டின்னு சொன்னேன், அவளுக்கு ரசமும் முட்டப் பொரியலும் தவிர ஒண்ணும் தெரியாது. மத்தபடி அவ படிச்சது, வேல பாக்குறது, கொணம் எல்லாம் நெசம், அத நான் சொன்னதே கொறச்சல்னு சொன்னேன். வேற ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாரு. ரோசிச்சுப் பாத்தேன். ஜீப்பு என்னுதுதான், ஆனா ஹார்ன் வேல செய்யாதுன்னேன்.

அவரு பல்ல எடுத்து என் கையில குடுத்தாரு. வீட்ல பேசிட்டு, ஒரு ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு நாலு பேரு வர்றோம், வந்து பாக்குறோம்னாரு. வந்து சாப்புடுறோம்னு சொல்லல. பாக்குறோம்னுதான் சொன்னாரு. நானும் திருப்பிக் கேக்கல.

வீட்டுக்கு வந்து இத எங்க வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். பல்லு விசயத்தச் சொல்லிட்டு வாங்கன்னுதான அனுப்புனோம், குத்தகையையும் முட்டப் பொரியலையும் யாரு கேட்டான்னு அன்னைக்கிப் பூராம் எனக்குச் சோறு வைக்கல. மககிட்ட சொன்னேன். ஹார்னையும் சொன்னீகளான்னு கேட்டா. சொன்னேன்னேன். சரின்னு சொல்லிட்டுப் போனா. அந்தச் சரிக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைய வரைக்கும் வெளங்கல. அந்த வாரத்துல இருந்து தெனமும் சாயங்காலம் அவ அம்மாகிட்ட ஒரு கொழம்பு கத்துக்கிறா. நான்தான் ருசி பாக்கணும், பல்லு இல்லாம. போன வாரம் வச்ச வத்தக்கொழம்ப நான் நல்லாருக்குன்னு சொன்னேன். அம்மாவும் மகளும் என்னைய ஒருமாதிரி பாத்தாக. உப்பு கூடன்னு மாத்திச் சொன்னேன்.

புதுச் செட்டு வெள்ளிக்கெழமதான் கைக்கு வந்துச்சு. டாக்டரம்மா என்னையச் சொல்ல வச்சே பாடம் எடுத்தாக. என்ன தண்ணின்னு கேட்டாக. பச்சத்தண்ணின்னேன். என்ன சோப்புன்னாக. கைகழுவுற சோப்புன்னேன். எப்ப கழட்டணும்னாக. அவுக சீட்ட தமிழ்ல எழுதியே குடுத்துட்டாக இந்தத் தடவ. அத ஜீப்புல சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். கீழ சட்டி வச்சு, சட்டியில துணி போட்டு, அதுக்கு மேல கழுவுறேன். என் மகளக் கைக்கொழந்தையில நான் இப்படிக் குளிப்பாட்டல.

ஆனா புதுசு புதுசுதான். எடது பக்கம் கீழ ஈறுல உரசிப் புண்ணா இருக்கு. திங்கக்கெழம ராவி விட வரச் சொல்லிருக்காக. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம வந்துருச்சு. நேத்து இட்லி தின்னு பாத்தேன், நின்னுச்சு. சோறு தின்னு பாத்தேன், நின்னுச்சு. அப்பளத்துல லேசா அசஞ்சுச்சு. இன்னைக்கி அவுக முன்னாடி இலையில ஒக்காரையில அசஞ்சா என்ன பண்றது. மாட்டாமப் போயி ஒக்காந்தா, அன்னைக்கிப் பொய், இன்னைக்கி அலங்கோலம்னு அந்த அத்தை சொல்வாகளோ. மாட்டிக்கிட்டு ஒக்காந்தா, இன்னமும் மறைக்கிறாருன்னு அவரு நெனைப்பாரோ. காலையில இருந்து ஆறு தடவ மாட்டிட்டேன், ஆறு தடவ கழட்டிட்டேன். இதெல்லாம் அவுக இலையில ஒக்காந்தாத்தான. ஒக்காரவே இல்லேன்னா இந்தப் பல்ல வச்சு நான் என்ன பண்ணப்போறேன்.

எனக்குத் திரும்பத் திரும்ப, உண்மையச் சொல்லப் போன அன்னைக்கி அவுக வீட்டுல கெளம்புறப்ப நடந்ததுதான் ஞாபகத்துக்கு வருது. இத இன்னும் வீட்ல யார்கிட்டயும் சொல்லல. நான் செட்டப் பையில போட்டுக்கிட்டு வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு இருக்கேன். மாப்பிள்ளையோட அம்மா உள்ள இருந்து வேகமா வந்தாக. அதுவரைக்கும் அவுக கதவுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காக. என்னைய நில்லுங்கன்னு சொன்னாக. நின்னேன். அவுக வீட்டுக்காரரு கேக்கக் கூடாதுன்னு கொரல எறக்கி, ஒண்ணு மட்டும் கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்கன்னாக. என்ன கேட்டாகன்னா,

இருங்க. எங்க வீட்டுக்காரி கத்துறா.

"என்னங்க, எங்கன போயி ஒளிஞ்சீக? தேனியத் தாண்டிட்டாகளாம். நாலு பேருன்னாக, பதிமூணு பேரு வர்றாகளாம், அந்த அத்தையும் சேத்து. சோறு கூடப் பொங்கிருங்கன்னு இப்பத்தான் மாப்பிள்ளையோட அம்மா போன்ல சொல்றாக. இலை பத்தாது, ஓடிப்போயி ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க. பல்ல மாட்டிக்கிட்டுப் போங்க."

பதிமூணு பேராம். வர்றேன், வர்றேன். இந்த டப்பா மூடி ஏன் தொறக்க மாட்டேங்கு